தாழமுக்கத்தின் பாதை: எதனை முன்கூட்டியே அறியலாம்?

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் இலங்கையைக் கடந்து சென்ற 'திட்வா' சூறாவளி 600க்கும் அதிகமான உயிர்களைப் பலிகொண்டது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இந்நாடு சந்தித்த மிகப் பெரிய இயற்கை அனர்த்தம் அதுவேயாகும். கடலிலிருந்து வெகு தொலைவில், மலைகளால் சூழப்பட்டுள்ள கண்டி மாவட்டத்திலேயே உயிரிழப்பு மிக அதிகமாக இருந்தமை பலரையும் திகைக்க வைத்தது. சூறாவளி என்றால் அது மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் உரிய துயரம் என்றே மலையக மக்களும் கண்டி வாழ் முஸ்லிம்களும் பழகியிருந்தனர். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கி 900க்கும் அதிகமானோரைப் பலிகொண்ட சூறாவளியை எமது முதியோர் வானொலிச் செய்தியாகவே அறிந்திருந்தனர். இம்முறையோ அக்குறணைக்கு வடக்கே அலவத்துகொடைப் பகுதியில் வீடுகள் மண்ணுக்குள் புதையுண்டன. தெற்கே கம்பளை நகரம் மகாவலியின் வெள்ளத்தில் மூழ்கியது.

அனர்த்தத்தின் பின்னர் பாராளுமன்றத்திலும் வெளியிலும் ஒரு வாதம் சூடாக நடந்தது. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்னரே வங்காள விரிகுடாவில் குழப்பநிலை ஏற்படலாம் என வளிமண்டலவியல் திணைக்களம் கூறியிருந்ததே, அதனை ஏன் அலட்சியம் செய்தீர்கள் என்று ஒரு தரப்பினர் கேட்டனர். இத்தகைய தாக்கத்தை அவ்வளவு முன்னதாக எவராலும் கூறியிருக்க முடியாது என்று மறுதரப்பினர் பதிலளித்தனர். இவ்விரண்டு கூற்றுகளிலும் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி உண்மைகளைப் பிரித்தறிய வேண்டுமானால், இன்னும் முழு உருப்பெறாத ஒரு புயலின் பாதை எவ்வாறு கணிக்கப்படுகின்றது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம். நாளை இன்னொரு தாழமுக்கம் உருவாகும்போது அக்குறணையில் உள்ள ஒரு கடைக்காரரும், மலைச்சரிவில் வாழும் ஒரு குடும்பமும் எந்த அறிவித்தலை எந்த நேரத்தில் நம்பிச் செயற்படுவது என்பது இதிலேயே தங்கியுள்ளது.

சூறாவளி தனது சொந்தக் காலில் நடப்பதில்லை. ஓடும் ஆற்றில் சுழன்று கொண்டே செல்லும் நீர்ச்சுழியைப் போன்று, தன்னைச் சுற்றியுள்ள பரந்த காற்றோட்டத்தினால் அது இழுத்துச் செல்லப்படுகின்றது. தரையிலிருந்து சில கிலோமீற்றர் உயரத்தில் வீசும் அந்தப் பெருங்காற்று எத்திசையில், எவ்வளவு வலுவுடன் வீசுகின்றது என்பதை அறிந்தால் சுழியின் பாதையையும் அறியலாம். வடக்கே உயரமுக்க வலயம் ஒன்று உறுதியாக நிலைகொண்டிருந்தால் புயல் மேற்கு நோக்கித் தமிழகத்தையோ எமது நாட்டையோ நாடி வரும். அவ்வலயத்தில் இடைவெளி விழுந்தால் வடக்கே திரும்பி ஆந்திராவையோ வங்காளதேசத்தையோ நோக்கிச் செல்லும். இரண்டு உயரமுக்கங்களுக்கு இடையே சிக்கிக் கொண்டால் எங்கு செல்வது என்று தெரியாமல் தயங்கி நிற்கும். இந்த மூன்றாவது நிலையே முன்னறிவிப்பாளர்களுக்கு மிகுந்த தலைவலியைத் தருவது. மக்களுக்கு மிகுந்த ஆபத்தைத் தருவதும் அதுவே. ஏனெனில் நகராத புயல் ஒரே இடத்தில் மழையைக் கொட்டித் தீர்க்கும். திட்வா நவம்பர் 28, 29ஆம் திகதிகளில் எமது நாட்டின் மீதே மெதுவாக ஊர்ந்து சென்றது.

முழுமையாக உருப்பெற்ற சூறாவளிக்குக் கண் உண்டு, மையம் உண்டு. செய்மதிப் படத்தில் விரல் வைத்துக் காட்டலாம். உருவாகிக் கொண்டிருக்கும் தாழமுக்கத்துக்கோ திட்டமான மையம் கிடையாது. முகிற் கூட்டங்கள் ஒருபுறமும், சுழற்சி மற்றொருபுறமும் இருக்கும். சில மணித்தியாலங்களில் பழைய மையம் கலைந்து பல பத்துக் கிலோமீற்றர் தள்ளிப் புதிய மையம் ஒன்று தோன்றுவதும் உண்டு. தொடக்கப் புள்ளியே தெளிவற்றிருக்கும்போது அங்கிருந்து வரையப்படும் கோடு மாத்திரம் எவ்வாறு தெளிவாக இருக்க முடியும்? அத்திலாந்திக் சமுத்திரத்தில் அமெரிக்க விமானங்கள் புயலுக்குள்ளேயே நுழைந்து அமுக்கத்தையும் காற்றையும் அளந்து வருகின்றன. வங்காள விரிகுடாவில் அவ்வாறான வழமை இல்லை. செய்மதிகள், மிதவைகள், கப்பல்களின் அவதானிப்புகள் ஆகியவற்றைக் கொண்டே இங்கு மையத்தை ஊகிக்க வேண்டியுள்ளது.

கரையை நெருங்கிய பின்னர் உதவக்கூடிய கருவி ராடர். எந்த மலையின் மீது இப்போது எவ்வளவு மழை பொழிகின்றது, அந்த மழைப்பட்டை எத்திசையில் நகர்கின்றது என்பதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது காட்டிவிடும். புத்தளத்திலும் பொத்துவிலிலும் ஜப்பானிய உதவியுடன் இரண்டு டொப்ளர் ராடர்களை அமைப்பதற்கு 2017ஆம் ஆண்டிலேயே உடன்பாடு காணப்பட்டது. 2025 நவம்பரில் திட்வா கரையேறியபோது அவை இயங்கும் நிலையில் இருக்கவில்லை. எட்டு ஆண்டுகள் என்பது ஒரு பிள்ளை முதலாம் தரத்தில் சேர்ந்து எட்டாம் தரத்தை முடிக்கும் காலமாகும். இரண்டு வாரங்களுக்கு முன் யார் என்ன சொன்னார் என்று விவாதித்தவர்கள் இந்த எட்டு ஆண்டுகளைப் பற்றியும் அதே சூட்டுடன் விவாதித்திருந்தால் பயன் மிகுந்திருக்கும்.

கணினிகளின் பங்கு என்ன? உலகம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தினதும் காற்று, வெப்பம், ஈரப்பதன், அமுக்கம் ஆகியவற்றை இட்டு, அடுத்த சில நிமிடங்களில் என்ன நிகழும் என்பதைப் பௌதிக விதிகளைக் கொண்டு கணித்து, அதிலிருந்து அதற்கடுத்த சில நிமிடங்களைக் கணித்து, இவ்வாறே பத்து நாட்கள் வரை செல்கின்றன அதிவேகக் கணினிகள். தொடக்கத்தில் உள்ள சிறு பிழை நாட்கள் செல்லச் செல்லப் பெருகும். அமெரிக்க வளிமண்டலவியலாளரான எட்வர்ட் லொரென்ஸ் 1960களில் எடுத்துக்காட்டிய உண்மை இது. பிழையை ஒழிக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்ட விஞ்ஞானிகள் அதனை அளந்து பார்க்கும் வழியொன்றைக் கண்டனர். தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஒரே கணிப்பைப் பல தடவைகள் செய்வதே அது. மத்திய தர கால முன்னறிவிப்புகளுக்கான ஐரோப்பிய நிலையம் இவ்வாறு 51 கணிப்புகளைச் செய்கின்றது. 51 பாதைகளும் ஒன்றையொன்று ஒட்டிச் சென்றால் நம்பிக்கை அதிகம். விரித்த விசிறியைப் போன்று சிதறினால் நம்பிக்கை குறைவு. 2023ஆம் ஆண்டு முதல் செயற்கை நுண்ணறிவு கொண்டு செய்யப்படும் கணிப்புகளும் பாதை விடயத்தில் வியக்கத்தக்க துல்லியத்தைக் காட்டி வருகின்றன. எனினும் மையமே உருவாகாத நிலையில் அவையும் திணறவே செய்கின்றன.

இங்கு ஒரு தவறான பழக்கத்தைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. கைத்தொலைபேசிகளில் பகிரப்படும் படங்களில் பெரும்பாலும் ஒரேயொரு கணிப்பின் ஒரேயொரு கோடு காணப்படும். அது 51இல் ஒன்று. கண்டியை ஊடறுத்துச் செல்லும் கோட்டைக் கண்டால் பீதியும், யாழ்ப்பாணத்தின் ஊடாகச் செல்லும் கோட்டைக் கண்டால் நிம்மதியும் கொள்வது சீட்டிழுத்து முடிவெடுப்பதற்கு ஒப்பானது.

வங்காள விரிகுடாப் புயல்களுக்கு அதிகாரபூர்வமான எச்சரிக்கை நிலையமாக இந்திய வானிலைத் துறையின் புதுடில்லி நிலையம் விளங்குகின்றது. அதன் பாதைக் கணிப்புகளின் பிழை அண்மைய ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்துள்ளது. சராசரியாக 24 மணித்தியாலங்களுக்கு முன்னர் வெளியிடப்படும் கணிப்பில் சுமார் 75 கிலோமீற்றரும், 72 மணித்தியாலங்களுக்கு முன்னர் வெளியிடப்படும் கணிப்பில் சுமார் 150 கிலோமீற்றரும் பிழை இருக்கலாம். பரந்த இந்தியாவுக்கு இது பாராட்டத்தக்க துல்லியம். எமக்கோ கொழும்புக்கும் கண்டிக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரமே 100 கிலோமீற்றருக்குக் குறைவு. நாட்டின் மிக அகன்ற பகுதி சுமார் 225 கிலோமீற்றர். ஆகவே மூன்று நாட்களுக்கு முன்னர் மட்டக்களப்பைச் சுட்டும் ஒரு கணிப்பு உண்மையில் முழு இலங்கையையுமே சுட்டுகின்றது என்றுதான் நாம் வாசிக்க வேண்டும்.

கடந்த கால உதாரணங்கள் இதனை நன்கு விளக்கும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு 'புரெவி' சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அது மன்னார் வளைகுடாவைக் கடந்து கேரளா வரை செல்லும் என எதிர்பார்த்துக் கேரள அரசு பெரும் ஆயத்தங்களைச் செய்தது. அதுவோ இராமநாதபுரத்துக்கு அருகே கடலில் அசையாது நின்று வலுவிழந்தது. மழை கொட்டியது கேரளாவில் அல்ல, தமிழகத்தின் காவிரி வடிநிலத்திலும் சிதம்பரம் பகுதியிலும்! மையம் குறித்த கணிப்பு ஓரளவு சரியாக இருந்தும் வேகம் குறித்த கணிப்பு பிழைத்ததன் விளைவு அது.

2024 நவம்பரில் வந்த 'பெங்கல்' இதைவிடக் கசப்பான பாடத்தைத் தந்தது. எமது கிழக்குக் கரையை ஒட்டி அது நாட்கணக்கில் தயங்கித் தயங்கி நகர்ந்தது. சூறாவளியாக மாறும் என்றும், மாறாது என்றும், பின்னர் மீண்டும் மாறும் என்றும் அறிவித்தல்கள் மாறி மாறி வந்தன. நவம்பர் 29ஆம் திகதியே அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. மறுநாள் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஆனால் காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது நவம்பர் 26ஆம் திகதி. அந்தப் பிள்ளைகளின் உயிரைப் பறித்தபோது அப்புயலுக்குப் பெயர் கூட இருக்கவில்லை.

பெயர் என்பது காற்றின் வேகத்துக்குக் கொடுக்கப்படும் சான்றிதழ் மாத்திரமே. மணிக்கு 62 கிலோமீற்றர் வேகத்தை எட்டினால் சூறாவளி. அதற்குச் சற்றுக் கீழே நின்றால் ஆழ்ந்த தாழமுக்கம். அதற்கும் கீழே தாழமுக்கம். எவ்வளவு மழை பெய்யும் என்பதற்கு இந்தப் படிநிலையில் இடமேயில்லை. காற்றின் வலுவை வைத்துப் பார்த்தால் திட்வா சூறாவளிகளின் மிகக் கீழான படியிலேயே இருந்தது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்க சாமசரக் கந்தையில் மண்சரிவு பல குடும்பங்களைப் புதைத்தபோது, பின்னர் 'ரோனு' எனப் பெயர் பெற்ற புயல் பெயரில்லாத தாழமுக்கமாகவே இருந்தது. "இன்னும் சூறாவளியாகவில்லையாம்" என்று ஆறுதல் கொள்வோர் இதனை மனதிற் கொள்ள வேண்டும்.

(பெயர்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. இலங்கை உள்ளிட்ட 13 நாடுகள் வழங்கிய பட்டியலிலிருந்தே இவை தெரிவு செய்யப்படுகின்றன. திட்வா யெமன் வழங்கியது; சொகொத்ரா தீவிலுள்ள கடனீரேரி ஒன்றின் பெயர். பெங்கல் சவூதி அரேபியா வழங்கியது, புரெவி மாலைதீவு வழங்கியது. பருவக்காற்றை ஆங்கிலேயர் அழைக்கும் சொல்லும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லின் திரிபேயாகும். காற்றை நம்பி இக்கடலைக் கடந்த அறபு மாலுமிகளின் நினைவு இச்சொற்களில் இன்னும் வாழ்கின்றது.)

இனி எமது மலைகளுக்கு வருவோம். வட அரைக்கோளத்தில் சூறாவளியின் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கின்றது. மையம் மட்டக்களப்புப் பக்கம் நிற்கும்போது அதற்கு மேற்கேயுள்ள கண்டியில் காற்று வடக்கிலிருந்து வீசும். மையம் திருகோணமலை, வவுனியாப் பக்கம் நகர்ந்ததும் கண்டி அதற்குத் தெற்கே அமைந்துவிடும். அப்போது காற்று மேற்கிலிருந்து வீசும். வழமையாக வடகீழ்ப் பருவக்காற்று நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஒரு பக்கத்தையும், தென்மேற்குப் பருவக்காற்று மறுபக்கத்தையும் நனைக்கும். இரண்டுக்கும் இடையே மாதங்கள் கழியும். மெதுவாக நகரும் சூறாவளியோ இரு பக்கச் சரிவுகளையும் ஓரிரு நாட்களுக்குள் அடுத்தடுத்து நனைத்துவிடும். மலையில் மோதி மேலெழும் ஈரக்காற்று குளிர்ந்து மழையாகின்றது. காற்று வலுவாக இருக்கும் வரை அந்தப் பிழிதல் நிற்பதில்லை. திட்வாவின்போது பல இடங்களில் 24 மணித்தியாலங்களில் 300 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை வீழ்ச்சி பதிவானது இதனாலேயே. மையம் 50 கிலோமீற்றர் வடக்கே சென்றதா தெற்கே சென்றதா என்பது கரையோர மீனவருக்கு உயிர்ப் பிரச்சினை. பல நூறு கிலோமீற்றர் அகன்ற மழைப்போர்வைக்குக் கீழே இருக்கும் அக்குறணைக்கு அது இரண்டாம் பட்சமானது.

அக்குறணையின் நிலை இன்னுமொரு வகையிலும் தனித்துவமானது. கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பிரதான வீதியின் இருமருங்கிலும் கடைகள் நெருங்கியமைந்த இந்நகரின் ஊடாகப் பிங்கா ஓயா ஓடி மகாவலியில் கலக்கின்றது. ஓயா பெருக்கெடுத்தால் வீதியும் கடைகளும் நீரில் மூழ்குவது இங்கு புதிய விடயமன்று; அதற்குச் சூறாவளி கூடத் தேவையில்லை, மாலை நேர இடிமழையொன்றே போதுமானது. மகாவலி போன்ற பேராறு பெருகுவதற்குப் பல மணித்தியாலங்கள் எடுக்கும். பிங்கா ஓயாவின் நீரேந்து பகுதி சிறியது, செங்குத்தானது. மேலே பெய்த மழை விரைவாகவே கீழே வந்துவிடும். இரண்டு நாட்களுக்கு முன் வெளியாகும் பாதைக் கணிப்பினால் ஓயா எத்தனை மணிக்குக் கரை மீறும் என்பதைக் கூறவே முடியாது.

எனவே இரண்டு வகையான அறிவித்தல்களை இரண்டு வகையான முடிவுகளுக்குப் பயன்படுத்த வேண்டும். இரண்டு, மூன்று நாட்களுக்கு முன் கிடைக்கும் பாதைக் கணிப்பு ஆயத்தத்துக்கு உரியது. ஒரு கடைக்காரர் தாழ்ந்த தட்டுகளிலுள்ள பொருட்களை மேல்மாடிக்கு ஏற்றுவதற்குக் கூலி உட்பட 20,000 ரூபா செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளம் புகுந்தால் இழப்பு 20 இலட்சம் ரூபா எனலாம். வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்குப் பத்து மாத்திரமே என்றாலும் பொருட்களை ஏற்றுவதே இலாபம். பத்துத் தடவைகளில் ஒன்பது தடவைகள் வெள்ளம் வராது போனாலும் அவர் செலவிட்டது 2 இலட்சம், காப்பாற்றியது 20 இலட்சம். வெள்ளம் வராத அந்த ஒன்பது நாட்களில் "வானிலைக்காரர் பொய் சொல்லிவிட்டார்" என்று அவர் கோபிப்பாரேயானால் வியாபாரக் கணக்கை மறந்துவிட்டார் என்பதே பொருள். அக்குறணையாருக்கு வியாபாரக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

உயிர் காக்கும் முடிவு வேறு வகையானது. அதற்குத் தேவை பெய்து கொண்டிருக்கும் மழையின் அளவு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மூன்று படிகளில் வெளியிடுகின்றது. 24 மணித்தியாலங்களில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறுவதற்கு ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரையோ, ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரையோ தாண்டினால் அபாயமான சரிவுகளிலிருந்து உடனடியாக வெளியேற வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்பன இவற்றுக்குரிய நிறங்கள். சூறாவளியின் பெயரோ பாதையோ இந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை என்பதைக் கவனிக்க. 300 மில்லிமீற்றர் பெய்த இடங்களில் சிவப்பு எல்லையின் இருமடங்கு ஒரே நாளில் தாண்டப்பட்டது.

எச்சரிக்கை வெளியானதா என்பதுடன் அது எம்மொழியில் வெளியானது என்பதும் முக்கியமான கேள்வியாகும். திட்வா நாட்களில் உத்தியோகபூர்வ அறிவித்தல்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்த வேகத்தில் தமிழில் வரவில்லை, வந்தவையும் முழுமையாக இருக்கவில்லை என்ற விமர்சனம் பரவலாக எழுந்தது. தோட்டங்களில் வாழும் தமிழரும் கண்டி மாவட்டத்தின் முஸ்லிம் கிராமங்களும் அதிக ஆபத்துள்ள சரிவுகளில் வாழ்கையில், ஒரு மணித்தியாலத் தாமதம் மொழியுரிமைப் பிரச்சினை மாத்திரமன்று. மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திராமல், முன்னரே மும்மொழிகளிலும் தயாரித்து வைத்த வாசகங்களில் பிரதேசத்தின் பெயரையும் நேரத்தையும் மாத்திரம் நிரப்பி வெளியிடுவது இன்றைய கணினிக் காலத்தில் கடினமான காரியமல்ல. வளிமண்டலவியல் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இதனை அடுத்த பருவத்துக்கு முன்னர் செய்து முடிக்க வேண்டும்.

கிராம மட்டத்தில் செய்யக்கூடியதற்கு எவரது அனுமதியும் தேவையில்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, காலை 8.30 மணிக்கு அடிமட்டத்தால் அளந்தால் அதுவே மழைமானி. பிங்கா ஓயாவின் மேற்பகுதியிலுள்ள சில கிராமங்களில் பாடசாலைகளோ பள்ளிவாசல்களோ விகாரைகளோ இவ்வாறு அளந்து, கனமழையின்போது மணிக்கொரு தடவை கீழேயுள்ள நகருக்குத் தொலைபேசியில் அறிவித்தால், எந்தச் செய்மதியும் தராத ஒரு மணித்தியால அவகாசம் 6ஆம் கட்டைக்கும் 7ஆம் கட்டைக்கும் கிடைக்கும். தொழுகைக்கு அழைக்கும் ஒலிபெருக்கி நள்ளிரவில் மழை அளவையும் அறிவிக்கலாம். கிராம உத்தியோகத்தரையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் அதே வேளையில் தொடர்பு கொள்ள வேண்டும். மண்சரிவுகள் பல இரவிலேயே நிகழ்கின்றன. ஆகவே மாலை அஸர் தொழுகை வேளையில் பாத்திரத்தில் 100 மில்லிமீற்றரும் வானில் கருமேகமும் இருந்தால், சரிவில் வாழ்வோர் 150ஐ எட்டும் வரை காத்திராமல், வெளிச்சம் இருக்கும்போதே உறவினர் வீடுகளுக்குச் சென்றுவிட வேண்டும்.